கேட்பதற்கு ஒன்றும் இல்லாத பிரார்த்தனை: பிள்ளைகளை வளர்த்து முடித்த பின் வீட்டிலேயே நம்பிக்கையும் நன்றியும் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

என் இளைய மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போன மறுவாரம், வழக்கம்போல் காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை.

இருபத்தாறு ஆண்டுகளாக என் பிரார்த்தனைக்கு ஒரு பட்டியல் இருந்தது. காய்ச்சல் இறங்க வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும், நல்ல நண்பர்கள் அமைய வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், இரவில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவன் பத்திரமாக வந்து சேர வேண்டும். ஒன்று அடிபட்டால் இரண்டு சேரும். அன்று பார்த்தால் பட்டியல் கிட்டத்தட்டக் காலி. அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருடமும் நான் கடவுளோடு பேசியது முழுக்கப் பிள்ளைகளைப் பற்றித்தான். அவர்கள் வளர்ந்து போனதும், எங்கள் இருவருக்கும் பேச விஷயம் இல்லாமல் போய்விட்டது.

பிள்ளைகளை வளர்த்து முடித்த பலருக்கும் நம்பிக்கை தளர்ந்ததுபோல் தோன்றுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உண்மையில் நம்பிக்கை எங்கும் போய்விடவில்லை. கேட்டுக் கேட்டே பழகிவிட்டோம். கேட்க எதுவும் இல்லாத நாளில் என்ன பேசுவது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த இன்னொரு பேச்சை, வீட்டு வேலைகளுக்கு நடுவிலேயே நான் எப்படிப் பழகினேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். சாமி கும்பிடுகிறவர், ஜெபிக்கிறவர், தொழுகிறவர் யாராக இருந்தாலும் அவரவர் முறைக்குள்ளேயே இதைச் செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் செய்தே ஆகவேண்டிய ஒரு வீட்டு வேலை இருந்தால் போதும். அவசரம் வேண்டாம். எனக்கு இதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

தொடங்கும் முன்: அழ வேண்டியதை அழுதுவிடுங்கள்

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சதே, இன்னும் என்ன கவலை?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதும், அது இந்த வீட்டில் இல்லை என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். முதலாவதுக்கு மகிழ்ந்துகொண்டே இரண்டாவதுக்கு அழலாம். அழுகையை அமுக்கி வைத்துவிட்டு அதன்மேல் நன்றியைப் பூசினால் அது நிற்காது, உரிந்துவிடும்.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நடக்கிறது. பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்புவதும் பல வீடுகளில் அதே காலம்தான். தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது எல்லாம் நம்பிக்கைக் குறைவு என்று நினைத்து நான் பல மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பாதி உடம்பின் வேலை என்று பிறகுதான் புரிந்தது.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், பசியும் தூக்கமும் மாறிப்போனால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். நன்றிப் பயிற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான ஓர் அலசல், மனச்சோர்வையும் பதற்றத்தையும் அவை குறைப்பது சிறிதளவே என்கிறது. நோட்டுப் புத்தகம் மருந்தாகாது. மருந்து சாப்பிடுகிறவரும் நோட்டில் எழுதலாம், அவ்வளவுதான்.

படி 1: பழைய வேண்டுதல்களைக் கணக்கெடுங்கள்

ஆளில்லாத ஒரு மத்தியானம் வேண்டும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கம் விடுங்கள். கருவில் இருந்தபோது, பள்ளிக்குப் போகும்வரை, பள்ளிக் காலம், பருவ வயது, அதற்குப் பிறகு என்று பிரித்துக்கொண்டு, அந்தந்தக் காலத்தில் நெஞ்சுருகிக் கேட்டது என்னவென்று எழுதுங்கள். பெரிய வேண்டுதல்களோடு நிறுத்த வேண்டாம். "இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் தூங்கட்டும்" என்று கேட்டதும் வேண்டுதல்தான். முதல் பத்து நிமிடம் நான்கைந்துதான் வரும். அப்புறம் கை தானாக ஓடும்.

எழுதி முடித்த பின் மூன்று குறிகள் போடுங்கள். கேட்டபடியே நடந்ததற்கு ஒன்று, வேறு விதமாக நடந்ததற்கு ஒன்று, நடக்காமலே போனதற்கு ஒன்று.

என் மகனுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. ஒவ்வொரு இரவும் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை போதும்" என்று கேட்டிருக்கிறேன். பேச்சு வந்தது. வந்த பிறகு அவன் வாய் மூடவேயில்லை. ஏழு வயதில், "கொஞ்ச நேரம் பேசாம இருக்கியா?" என்று அவனை அதட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காகக் கெஞ்சியவள், அது கிடைத்த பின் திரும்பிப் போய் நன்றி சொன்னேனா? நோட்டில் அந்த வரியைப் பார்த்தபோதுதான் இல்லை என்று தெரிந்தது. இருபது வருடத்துப் பாக்கி. அன்று மாலை உட்கார்ந்து சொன்னேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

இப்படித் திரும்பிப் போகாமல் இருப்பது கெட்ட குணம் ஒன்றுமில்லை. கிடைத்தது எதுவானாலும் மனம் சீக்கிரமே அதை 'இருப்பது' என்ற கணக்கில் சேர்த்துவிடும். அப்புறம் அது கண்ணில் படாது. இதை உடைக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. கணக்கில் 'நடந்தது' என்று குறித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நடக்காமலே போயிருந்தால் இன்றைய நாள் எப்படி இருக்கும் என்று பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். 2008-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் இதைச் சோதித்தார்கள். ஒரு நல்ல விஷயம் எப்படி நடந்தது என்று யோசித்தவர்களைவிட, அது நடக்காமல் போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களின் மனநிலையே அதிகம் மேம்பட்டது. ஓர் எச்சரிக்கை: கவலைப்படும் சுபாவம் உள்ளவர்கள் இதை இரவில் செய்ய வேண்டாம். பகலில், எழுதி முடித்ததும் எழுந்து ஏதாவது வேலை பார்க்க முடிகிற நேரத்தில் செய்யுங்கள்.

நடக்காமல் போன வரிகளை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். "எல்லாம் நன்மைக்கே" என்று அதன் பக்கத்தில் எழுதாதீர்கள், அப்படி நிஜமாகவே தோன்றினால் தவிர. என் கணக்கில் ஒரு வரி அப்படியே கிடக்கிறது. அதற்கு எந்த விளக்கமும் எனக்குக் கிடைக்கவில்லை. அதை அழிக்கவும் இல்லை. கடவுளோடு எனக்கு இருக்கும் வழக்குகளில் அதுவும் ஒன்று. வழக்காடுவதும் பேசுவதுதானே.

படி 2: தினசரி வேலைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

பிள்ளைகள் இருந்தபோது வீட்டு வேலைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. துவைத்தால் யாரோ உடுத்துவார்கள், சமைத்தால் குறை சொல்லிக்கொண்டாவது சாப்பிடுவார்கள். இப்போது வேலை பாதியாகிவிட்டது, கனம் மட்டும் இரண்டு மடங்கு. பாத்திரம் தேய்க்கும்போது, "யாருக்காகச் செய்கிறேன்?" என்ற கேள்வி பக்கத்தில் வந்து நிற்கும். அதை விரட்ட வேண்டாம். பக்திக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வாசல் வழியாக நமக்கு முன்பே ஆட்கள் போயிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபை மடம் ஒன்றின் சமையலறையில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத ஒன்று. ஆனாலும் அடுப்படி இரைச்சலுக்கு நடுவில், ஆளாளுக்கு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும், மண்டியிட்டுத் தொழும்போது இருக்கும் அதே அமைதியோடு தன்னால் கடவுளோடு இருக்க முடிகிறது என்று அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. அவருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1237-இல், ஜப்பானிய ஜென் துறவி டோகன் மடத்துச் சமையற்காரருக்கென்றே அறிவுரைகள் எழுதி வைத்தார். சமையல் பொருளைச் சொந்தக் கண்ணைப் போலப் பாதுகாக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. லாரன்ஸுக்கு மடத்தில் போய்ச் சேர்ந்தும் வாய்த்தது அடுப்படிதான். நமக்கு அது வீட்டிலேயே இருக்கிறது.

எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது? தினமும் வருகிற வேலையாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். கை ஓட வேண்டும், மூளைக்கு அதிக வேலை இருக்கக் கூடாது. இந்தக் காரணத்தால் சமையலை நான் சிபாரிசு செய்வதில்லை, உப்புப் போட்டோமா இல்லையா என்பதிலேயே மனம் போய்விடும். பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, படுக்கையைச் சரிசெய்வது எல்லாம் நல்ல தேர்வுகள். உங்களுக்கு அறவே பிடிக்காத வேலையை எடுக்காதீர்கள். லாரன்ஸுக்கு முடிந்தது, நமக்கு முடிய வேண்டும் என்று சட்டமில்லை.

நான் எடுத்துக்கொண்டது துணி மடிப்பது. செய்யும் முறை இதுதான்.

போனை வேறு அறையில் வைத்துவிடுவேன். டிவி, ரேடியோ எதுவும் ஓடாது, பக்திப் பாட்டுகூட. தொடங்கும் முன் ஒரு மூச்சு இழுத்து விட்டு, மனதுக்குள் ஒரே ஒரு வரி சொல்வேன். உங்கள் வழிபாட்டில் பழகிய வரி எதுவானாலும் சரி. என் வரி, "இது உனக்கு." அவ்வளவுதான். பிறகு மடிப்பேன். கையில் இருக்கும் துணியை மட்டும் பார்ப்பேன்: யாருடையது, எவ்வளவு நாளாக உழைக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது. மனம் எங்கோ ஓடிவிடும், அடுத்த துணியை எடுக்கும்போது திரும்பக் கூட்டிவருவேன். முடிந்ததும் மடித்த அடுக்கின்மேல் ஒரு நொடி கையை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

முதல் வாரம் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இரண்டாம் வாரம் சலிப்பு. மூன்றாம் வாரம் ஒரு நாள் என் கணவரின் சட்டை கையில் வந்தது. காலர் ஓரம் நைந்து நூல் தெரிந்தது. அந்தச் சட்டையை நான் எத்தனை நூறு முறை மடித்திருப்பேன்! காலரை அன்றுதான் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால், பிள்ளைகள் கல்லூரியில் படித்த ஆறேழு வருடம் அந்த மனிதர் தனக்கென்று சட்டை எடுத்ததாகவே நினைவில்லை. அதை அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. துணி மடிக்கும் மேசையருகே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாத பிரார்த்தனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

தினமும் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான நாள் அது வெறும் துணிதான்.

எத்தனை நாளில் பழக்கமாகும் என்று கேட்டால், 21 நாள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்ததில், ஒரு செயல் தன்னிச்சையான பழக்கமாக நடுவாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபடும் என்று அவர்கள் கணித்தார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அவர்கள் கண்டார்கள். விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். பரிகாரம் எதுவும் வேண்டாம்.

படி 3: இரவு நோட்டு, ஆனால் முதல் மாதம் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை

துணி மடிப்பது ஒரு மாதம் ஓடிய பிறகுதான் நோட்டைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டுமே பாதியில் நிற்கும்.

நன்றியை எழுதி வைப்பது பற்றிய பேச்சு பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். 2005-இல் மார்ட்டின் செலிக்மன் குழு சோதித்த முறை இன்னும் எளிது: ஒரு வாரம், தினமும் இரவு, அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்கள், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு. அந்த ஒரு வாரப் பயிற்சியின் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. ஆனால் அதிகம் எழுதினால் அதிகம் பலன் என்று இல்லை. சோன்யா லியூபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் பார்த்ததில், ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. கடமையாகிவிட்டால் சுவை போய்விடும்போல.

என் ஏற்பாடு: முதல் வாரம் தினமும், அதன் பின் வாரத்தில் ஒரு நாள்.

'ஏன்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. "குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி" என்று எழுதினால் நான்காம் நாள் தூக்கம் வரும். "மின்சாரம் போனபோது எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி மெழுகுவத்தி இருக்கிறதா என்று கேட்டாள். ஏன்? நான் இப்போது தனியாக இருக்கும் நேரம் அதிகம் என்று அவள் கவனித்திருக்கிறாள்." இப்படி எழுதினால் காரணத்தைத் தேடிப் போகும்போதே ஒரு முகம் தட்டுப்படும். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அந்த முகத்துக்குப் பின்னாலும் ஒன்று தெரியும்.

பிள்ளைகளை ஏன் விலக்கி வைக்கச் சொல்கிறேன்? நான் முதலில் எழுதிய நோட்டு முழுக்க, "மகள் போன் செய்தாள்", "மகன் படம் அனுப்பினான்" என்றே இருந்தது. போன் வராத நாளில் எழுத ஒன்றுமில்லை. என் நன்றியின் சாவியை நானே அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன், அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஒரு மாதம் அவர்களைப் பற்றி எழுதாமல் இருந்து பாருங்கள். அவர்கள் இல்லாமலும் உங்கள் நாளில் என்னவெல்லாம் நடக்கிறது என்று தெரியவரும். மாதம் முடிந்ததும் அவர்களும் வரட்டும்.

இந்த இரவு நேரத்தில் இன்னொன்றும் கிளம்பும்: குற்ற உணர்ச்சி. அன்று அடித்திருக்கக் கூடாது, அந்தப் பள்ளியில் சேர்த்திருக்கக் கூடாது, அவள் சொல்ல வந்ததைக் கேட்டிருக்க வேண்டும். வீடு அமைதியானதும் பழைய தவறுகள் வரிசையாக வந்து உட்காரும். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா, அன்றாட ஆன்மப் பரிசோதனைக்கு ஐந்து படிகள் வகுத்தார். அதில் தவறுகளைப் பார்ப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, உள்ளதை உள்ளபடி பார்க்க அருள் கேட்பது. மூன்றாவதில் நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்க்க வேண்டும், நான்காவது மன்னிப்பு, ஐந்தாவது திருந்தும் உறுதி. எந்த மதத்தவரும் இந்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம். நாம் நேராக மூன்றில் தொடங்கி அங்கேயே விடியும்வரை உட்கார்ந்திருப்போம், ஒன்று இரண்டு நான்கு ஐந்து எதுவும் இருக்காது. தவறு நினைவுக்கு வந்தால் முதலில் அன்றைய நன்றி மூன்றையும் எழுதி முடியுங்கள், பிறகு தவறை ஒரே வரியில் எழுதி மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளையிடமே கேட்க முடிகிற தவறென்றால் போனில் கேட்டுவிடுங்கள். என் மகளிடம் ஒன்றைக் கேட்டபோது, "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாள். நான் பதினைந்து வருடம் சுமந்தது!

படி 4: சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்

இது சின்னப் படி. வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று நாள் முழுக்க எதையாவது ஓடவிடுகிறோம். தினமும் அரை மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மாலை நேரம்தான் கடினம், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம் அது. காது இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தையே எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வேறு நேரம்.

படி 5: கூட இருப்பவருக்கும், கூடவே வளர்த்தவர்களுக்கும்

தம்பதிகளுக்கும் என் பிரார்த்தனைக்கு நேர்ந்த அதே கதிதான். இருபது முப்பது வருடம் பேசியதெல்லாம் பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் போனதும் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கேயும் கேட்பதைக் குறைத்துக் கவனிப்பதைக் கூட்டுவதுதான் வழி. வாரம் ஒருமுறையாவது, நோட்டில் எழுதிய ஒன்றை அவரிடமே சொல்லுங்கள்.

காலர் விஷயத்தை நான் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இப்பத்தான் கண்ணுல பட்டுதா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று அவர் பேப்பரைச் சீக்கிரம் மடித்துவிட்டார்.

அடுத்தது ஒரு கடிதம். பிள்ளைகளை நாம் மட்டுமா வளர்த்தோம்? வேலையிலிருந்து நாம் திரும்பும்வரை பிள்ளையை வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, கணக்கு வராத பிள்ளையிடம் பொறுமையாக இருந்த ஆசிரியர், நடுராத்திரி கதவைத் திறந்த மருத்துவர். இவர்களில் ஒருவருக்கு, அவர் செய்தது என்ன, அதனால் பிற்பாடு என்ன ஆனது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நேரில் போய்ப் படித்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலோர், "இத்தனை வருடம் கழித்து எழுதினால் என்ன நினைப்பார்களோ" என்று கூச்சப்பட்டே விட்டுவிடுகிறார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சரியாக இதைத்தான் பார்த்தது. பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் உள்ளதைவிட அதிகமாக நினைத்தார்கள், அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியையோ குறைத்து எடைபோட்டார்கள்.

துணையை இழந்தவர்கள், தனியாகவே பிள்ளை வளர்த்தவர்கள் இந்தப் படியைக் கடிதத்திலிருந்து தொடங்கலாம். கடிதத்துக்கு உரியவர் உயிரோடு இல்லையென்றால்? நான் அப்படி ஒருவருக்கு எழுதினேன். அனுப்ப இடமில்லை. பிரார்த்தனையில் படித்தேன்.

படி 6: பிள்ளைகளுக்கான பிரார்த்தனையைச் சுருக்குங்கள்

நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தவும் முடியாது.

ஒரு நாளைக்கு ஒருமுறை, ஒரு பிள்ளைக்கு மூன்று விஷயம்: பெயர், அண்மையில் அவர்களிடம் கண்ட ஒரு நல்லது, ஒரே ஒரு வேண்டுதல். "இனி உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து கவலை தொடங்கினால் புதிதாக எதையும் கேட்காதீர்கள். காலையில் சொன்ன அதே வரியைத் திரும்பச் சொல்லுங்கள். கவலைக்குப் பிரார்த்தனை வேஷம் போட்டுக்கொள்ள நன்றாகத் தெரியும். கேட்கக் கேட்க மனம் இன்னும் பதறினால், அங்கே நடப்பது கவலைதான்.

பிள்ளைகள் நமக்கு நன்றி சொல்லவில்லை என்ற மனத்தாங்கல் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்த ஒரு போனுக்காக நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் அம்மாவுக்கு நான் எத்தனை நிமிடம் போன் செய்தேன் என்று கணக்குப் பார்த்தேன். அதோடு அந்த மனத்தாங்கல் வாயை மூடிக்கொண்டது. அம்மா இருப்பவர்கள் இன்றே கூப்பிடலாம்.

பேச்சுவார்த்தை அறுந்துபோன பிள்ளை, தவறான பாதையில் போன பிள்ளை, நோயோடு போராடும் பிள்ளை இருப்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்றும் பொருந்தாது. நல்லது ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். பெயரை மட்டும் சொல்லுங்கள். பெயர் வைத்தது நீங்கள்தானே.

படி 7: வறண்ட நாட்களில்

வாரக்கணக்கில் ஒன்றுமே தோன்றாது. வரி வாயில் வரும், நெஞ்சில் இறங்காது. அப்போது அளவைக் குறைத்துக்கொண்டு வேலையை மட்டும் விடாமல் செய்யுங்கள். நோட்டை மூடி வைத்தாலும் துணியை மடிக்கத்தானே வேண்டும். எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படிப் போனது. திரும்ப எப்போது ஈரம் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஏழு வாரம் வெள்ளைப் பக்கம், அதன் பின், "கொடிக்கயிறு அறுந்தது, இரண்டு பேரும் சிரித்தோம்" என்று ஒரு வரி.

படி 8: பிள்ளைகள் வந்து போகும் நாட்கள்

அவர்கள் விடுமுறைக்கு வரும்போது எல்லாம் தலைகீழாகும். அரை மணி நேர அமைதி போகும், நோட்டு எங்கே என்று தெரியாது. போகட்டும், விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர்களின் குழந்தைப் பருவத்தைத் திரும்ப நடத்திப் பார்க்க முயலாதீர்கள். வந்திருப்பது வளர்ந்த ஆள். நம் வீட்டில் தங்கும் விருந்தாளிக்கு எவ்வளவு இடம் கொடுப்போமோ அவ்வளவு இடம் கொடுத்தால், அவர்களே அடுப்படிக்கு வந்து நின்று பேசுவார்கள்.

கிளம்பிய மறுநாளுக்கு முன்கூட்டியே திட்டம் வையுங்கள். அன்று வெளி வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல், தேர்ந்தெடுத்த அந்த ஒரு வேலையை மட்டும் வழக்கமான நேரத்தில் செய்யுங்கள். போன தடவை மகள் போன பின் அவள் படுத்திருந்த போர்வையை உடனே துவைக்கப் போட்டுவிட்டு, பிறகு அதை நினைத்து அழுதேன். இந்த முறை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் துவைத்து, காய்ந்த பின் என் கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாக மடித்தோம். பெரிய போர்வை அது, ஒருவரால் மடிக்க முடியாது.